பலியும் கீழ்ப்படிதலும்: வேதக் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஞாயிறு பின்னேரம் வேதாகம வகுப்பு எடுக்கிறேன். சபைக்காரர்கள் வருவார்கள். பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) கோயில் வீட்டுப் பிள்ளைகளும், அதாவது இந்துப் பிள்ளைகளும், கூட்டாளிகளோடு ஒட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். ஆபிரகாம் கதையை எடுத்தால் போதும், யார் வந்திருந்தாலும் அதே சந்தேகங்கள்தான் கிளம்பும். அவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் தேவன் ஆபிரகாமிடம் அவனுடைய மகன் ஈசாக்கை மோரியா தேசத்து மலையொன்றில் தகனபலியாக இடச் சொல்கிறார். ஆபிரகாம் கூட்டிக்கொண்டு போகிறான். கத்தியை எடுத்த நேரத்தில் தேவதூதன் தடுக்கிறான். புதரில் சிக்கியிருந்த ஆட்டுக்கடா ஒன்று மகனுக்குப் பதிலாகப் பலியாகிறது.

டீச்சர், இதெல்லாம் உண்மையிலயே நடந்ததா, இல்ல சும்மா அடையாளத்துக்குச் சொன்ன கதையா?

இந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டிலேயே இரண்டு பதில் கிடைக்கும். நடந்தது என்று நம்புகிறவர்கள் உட்பொருளைக் கைவிடத் தேவையில்லை. அப்போஸ்தலன் பவுலே கலாத்தியர் 4இல் ஆபிரகாமின் மனைவி சாராளையும், அவனுக்கு இஸ்மவேலைப் பெற்ற அடிமைப்பெண் ஆகாரையும் இரண்டு உடன்படிக்கைகளுக்கு அடையாளம் என்று விளக்குகிறார். அதற்காக அந்த இரண்டு பெண்களும் வாழவே இல்லை என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

வகுப்பில் நான் இந்தச் சண்டைக்குள் போவதில்லை. நடந்ததோ இல்லையோ, கதை இன்ன மாதிரிதான் எழுதப்பட்டிருக்கிறது. இன்னாரைப் பேசவிடுகிறது, இன்னாரைப் பேசவிடவில்லை. அதைப் பார்க்கவே ஒரு பின்னேரம் போதாது.

உட்பொருள் உட்பொருள்னு சொல்றீங்க, அது யார் கண்டுபிடிச்சது? ஆளாளுக்கு இஷ்டத்துக்குச் சொல்லலாமா?

பழைய பழக்கம்தான். 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிகேன் எழுத்துக்குப் பின்னால் ஆழ்ந்த பொருள் உண்டு என்று விரிவாக விளக்கினார். பிறகு வந்த திருச்சபை ஆசிரியர்கள் அதை நான்கு அடுக்காகப் பிரித்தார்கள்: என்ன நடந்தது, அது கிறிஸ்துவை எப்படிச் சுட்டுகிறது, நாம் எப்படி நடக்கவேண்டும், கடைசியில் எதை எதிர்பார்த்திருக்கிறோம். ஈசாக்கு தன் பலிக்கான விறகைத் தானே சுமந்துபோவதைச் சிலுவை சுமந்த இயேசுவோடு சேர்த்துப் பார்ப்பது இதில் இரண்டாவது வகை.

இஷ்டத்துக்குச் சொல்லலாமா என்றால், கூடாது. எங்கள் வகுப்பில் ஒரு அண்ணன், கழுதை என்றால் சரீரம், கூடப்போன இரண்டு வேலைக்காரர் என்றால் இரண்டு கண்கள் என்று விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கதைக்குள் அதற்கு ஒரு பிடியும் இல்லை. கைக்கு வந்த முற்றல் இலையையெல்லாம் கூடையில் போட்டால் நிறுக்கிற இடத்தில் கழித்துவிடுவார்கள் இல்லையா, அப்படித்தான். நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். சொல்லப்படுகிற உட்பொருள் கதையில் உள்ள ஒரு விவரத்தையாவது பற்றிக்கொண்டிருக்கிறதா? கத்தியின் கீழே கிடக்கிற ஆளை அது மறைத்துவிடுகிறதா? இரண்டாவதில்தான் நிறையப் பிரசங்கம் விழுந்துபோகிறது.

பெத்த பிள்ளைய வெட்டச் சொல்ற சாமி என்ன சாமி?

கோயில் வீட்டுப் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள். சபைப் பிள்ளைகள் மனதுக்குள் கேட்பார்கள்.

அந்தக் காலத்தில் சுற்றியிருந்த ஜனங்கள் பிள்ளைகளைப் பலியிட்டதை வேதமே சொல்கிறது. 2 இராஜாக்கள் 3இல் மோவாபின் ராஜா போரில் தோற்கும் நேரத்தில் மூத்த மகனை மதிலின்மேல் பலியிடுகிறான். லேவியராகமம் 18:21 இதைத் தடை செய்கிறது. எரேமியா 7:31இல் பிள்ளைகளை நெருப்பில் தகனிப்பதைப் பற்றித் தேவன், அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். இதையெல்லாம் வைத்துப் பலர், ஆபிரகாம் கதை பிள்ளைப்பலியை நிறுத்தவந்த கதை என்று வாசிக்கிறார்கள். எனக்கும் அந்த வாசிப்பில் உடன்பாடு உண்டு. ஆனால் அதைச் சொன்னதும் பிரச்சினை முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். நிறுத்தச் சொன்னது மேலிருந்து என்றால் கேட்டதும் மேலிருந்துதான். முதல் வசனத்தை மூடிவிட்டுக் கடைசி வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் கேள்வி கேட்ட பிள்ளை நம்மை நம்பாது.

ஆபிரகாம் ஏன் ஒரு வார்த்தகூட எதிர்த்துப் பேசல?

பேசத் தெரியாதவன் இல்லை. நான்கு அதிகாரம் முன்னால், சோதோமை அழிக்கப்போகிறேன் என்று தேவன் சொன்னபோது, அங்கே ஐம்பது நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று சந்தையில் விலை குறைப்பதுபோல இறக்கிக்கொண்டே வருகிறான். ஊரார் பிள்ளைகளுக்காக அவ்வளவு பேசியவன் தன் பிள்ளைக்கு வாய் திறக்கவில்லை.

எபிரெயர் 11:19, மரித்தவனையும் எழுப்ப தேவன் வல்லவர் என்று ஆபிரகாம் எண்ணினான் என்கிறது. சபையில் நாம் சொல்லும் பதில் அதுதான். ஆனால் ஆதியாகமம் அவன் மனதுக்குள் போகவே இல்லை, கைகளை மட்டும் காட்டுகிறது. அதிகாலையில் எழுந்தான், கழுதைக்குச் சேணம் கட்டினான், விறகைப் பிளந்தான். 21ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துப்பாருங்கள். சாராள் சொல்லி, தேவனும் அதற்கு உத்தரவு கொடுத்தபின், ஆகாரையும் அவள் மகன் இஸ்மவேலையும் அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அனுப்பியதும் ஒரு அதிகாலையில்தான். ஒரு மகனை அனுப்பின அதே மாதிரி இன்னொரு மகனோடு கிளம்புகிறான். எழுதியவர் இதைத் தெரியாமல் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஈசாக்க யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?

இல்லை. அவன்தான் கேட்கிறான்: நெருப்பும் கட்டையும் இருக்கிறது, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே? தேவன் பார்த்துக்கொள்வார் என்று தகப்பன் சொல்கிறான். அப்புறம் இருவரும் கூடிப்போனார்கள் என்று ஒரு வரி. அடுத்தது கட்டுவதுதான்.

இந்த இடம் பழையகாலத்து வாசகர்களையும் உறுத்தியிருக்கிறது. முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், ஈசாக்குக்கு அப்போது 25 வயது, அவன் சந்தோஷமாகச் சம்மதித்தான் என்று எழுதினார். பின்னால் வந்த யூத மரபு 37 வயது என்றது. இரண்டும் வேதத்தில் இல்லாதவை. சம்மதமில்லாத பலியை அவர்களால் தாங்க முடியவில்லை, அதனால் சம்மதத்தைச் சேர்த்தார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

குர்ஆனில் இந்த இடம் வேறு மாதிரி இருக்கிறது. 37ஆம் அத்தியாயம் 102ஆம் வசனத்தில் இப்ராஹீம் தான் கண்ட கனவை மகனிடமே சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். உங்களுக்குக் கட்டளையிடப்பட்டதைச் செய்யுங்கள், இறைவன் நாடினால் என்னைப் பொறுமையுள்ளவனாகக் காண்பீர்கள் என்று மகன் பதில் சொல்கிறார். மகனின் பெயர் அந்த இடத்தில் இல்லை. இஸ்மாயீல் என்பது முஸ்லிம்களில் பெரும்பாலானோர் கொண்ட கருத்து.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நானா வீட்ல உழ்ஹிய்யா இறைச்சி தர்றாங்க, நம்ம முனியாண்டிக்கும் கிடா வெட்டுறோம். ரெண்டும் ஒன்னுதானா?

ஒன்று என்றால் இரண்டு பக்கமும் கோபிப்பார்கள். உழ்ஹிய்யா, அதாவது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முஸ்லிம்கள் கொடுக்கும் பலி, மேலே சொன்ன இப்ராஹீம் கதையின் நினைவு. முனியாண்டிக்குக் கொடுப்பது நேர்த்தி, காவல், நன்றி எல்லாம் கலந்தது. ஆனால் இறைச்சி பங்குபோய்ப் பல வீட்டு அடுப்பில் ஏறுவது இரண்டுக்கும் பொது. இறைச்சியோ இரத்தமோ இறைவனை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது என்பது குர்ஆன் 22:37. எருதின் மாம்சத்தைத் தின்று ஆட்டுக்கடாவின் இரத்தத்தைக் குடிப்பேனோ என்று சங்கீதம் 50இல் தேவனே கேட்கிறார்.

கிடா வெட்டில் என்னை யோசிக்கவைப்பது வேறு. மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லோரும் சும்மா நிற்பார்கள். கிடா உடம்பை உலுப்பினால்தான் உத்தரவு. உலுப்பாவிட்டால் பூசாரி இன்னும் கொஞ்சம் தெளிப்பார், கூட்டம் சாமியைக் கெஞ்சும். மார்கழிக் குளிரில் இந்த மலையில் தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உலுப்பும், அது சரி. இருந்தாலும் வெட்டுப்படப்போவதன் சம்மதம் வேண்டும் என்ற நினைப்பு அந்தச் சடங்குக்குள் இருக்கிறது. மோரியா மலையில் ஈசாக்குக்குக் கிடைக்காதது.

சிறுத்தொண்டர் கதையும் இதேதானே? அங்க உண்மையிலயே வெட்டிட்டாங்களே?

பெரியபுராணத்தில் வரும் கதை. வாதாபியை வென்ற பல்லவப் படையின் தலைவராயிருந்த பரஞ்சோதியார் பிற்பாடு சிறுத்தொண்டராகத் திருச்செங்காட்டங்குடியில் அடியார்களுக்கு அமுது படைத்து வாழ்கிறார். சிவன் பைரவ வேடத்தில் வந்து, ஒரு குடிக்கு ஒரே பிள்ளையாக, ஐந்து வயதாக இருக்கும் பையனைத் தாய் பிடிக்கத் தகப்பன் அரிந்து, மனம் கோணாமல் சமைத்துத் தரவேண்டும் என்கிறார். பள்ளியிலிருந்து சீராளனைக் கூட்டிவந்து அப்படியே செய்கிறார்கள். தடுக்கத் தூதன் வரவில்லை.

நான், எனது என்பதை விடுவதுதான் உட்பொருள் என்று சொற்பொழிவுகளில் சொல்வார்கள். சீராளன் யாருடைய ‘எனது’ என்பதற்கு மட்டும் பதில் வராது. நான் பிடித்துக்கொள்வது வேறொரு விவரத்தை. இலை போட்டபின் வந்தவர் உண்ணமாட்டேன் என்கிறார். உன் மகனைக் கூப்பிடு, அவனும் வந்து உட்காரட்டும் என்கிறார். தகப்பனும் தாயும் வாசலுக்குப் போய்க் கூப்பிட, பையன் பள்ளியிலிருந்து ஓடிவருவதுபோல ஓடிவருகிறான். யாரை வெட்டினார்களோ அவனுக்கு இலை போடாமல் அந்த விருந்து நடக்காது. உட்பொருள் தேடுவதென்றால் அங்கே தேடலாம்.

மாரியம்மன் கதையில மகனே அம்மா தலைய வெட்டுறான். அதையும் கீழ்ப்படிதல்னு சொல்றாங்களே?

ரேணுகை கதை. ஜமதக்கினி முனிவர் மனைவியின்மேல் கோபங்கொண்டு அவளை வெட்டும்படி மகன்களிடம் சொல்கிறார். மூத்தவர்கள் முடியாது என்று சாபம் வாங்குகிறார்கள், கடைசி மகன் பரசுராமன் வெட்டுகிறான். மகிழ்ந்துபோன தகப்பன் வரம் கேள் என்றதும், தாய் உயிரோடு எழவேண்டும், அண்ணன்மாரும் பழையபடி ஆகவேண்டும் என்று கேட்கிறான். கீழ்ப்படிந்த மகன் கேட்ட முதல் வரமே, தான் செய்ததை இல்லாமல் ஆக்குவது! எழுப்பும்போது அவசரத்தில் தலை மாறிப் பொருந்தி, அவளே மாரியம்மன் ஆனாள் என்பது நாட்டார் வழக்கு.

கீழ்ப்படிதலுக்காக இந்தக் கதையைச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் கட்டித் தேர் இழுப்பது யாருக்கு? ஜமதக்கினிக்கா, பரசுராமனுக்கா? வெட்டுப்பட்டவளுக்குத்தான்.

யெப்தா மகளுக்கு மட்டும் ஏன் தேவதூதன் வரல?

நியாயாதிபதிகள் 11. யெப்தா போரில் ஜெயித்துத் திரும்பினால், வீட்டு வாசலிலிருந்து தன்னை எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாகப் பொருத்தனை செய்கிறான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வருகிறாள் அவன் ஒரே மகள். அவளுக்கு வேதம் பெயர்கூடத் தரவில்லை. அவளைப் பலியிடாமல் ஆலய சேவைக்கு விட்டான் என்று வாசிக்கிறவர்களும் உண்டு, ஆனால் தான் பொருந்தினபடியே அவளுக்குச் செய்தான் என்றுதான் வசனம் நிற்கிறது. எபிரெயர் 11 விசுவாச வீரர் வரிசையில் யெப்தாவையும் சேர்த்திருப்பதால் சபையில் இதை வேகமாகக் கடந்துபோய்விடுவார்கள்.

இங்கே ஒரு வித்தியாசம்: தேவன் கேட்கவே இல்லை. யெப்தாவே வாயைவிட்டான், பிறகு வாக்கைக் காப்பாற்ற மகளைக் கொடுத்தான். கேட்காத பலியைத் தடுக்க யார் வருவது என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது போதவில்லை. அவள் கேட்டதைத்தான் நான் பெண்பிள்ளைகளிடம் சொல்வது: இரண்டு மாதம் தவணை தாருங்கள், தோழிகளோடு மலைகளில் போய் அழுதுவிட்டு வருகிறேன். சரி என்றாள், ஆனால் சத்தமில்லாமல் போகவில்லை. அதன்பின் வருஷத்தில் நான்கு நாள் இஸ்ரவேல் பெண்கள் அவளுக்காகக் கூடினார்கள் என்று அதிகாரம் முடிகிறது.

சாராள் எங்க போனா? பெத்தவளுக்குச் சொல்லவே இல்லையா?

22ஆம் அதிகாரத்தில் சாராளே இல்லை. 23ஆம் அதிகாரம் அவளுடைய சாவோடு தொடங்குகிறது. ஆபிரகாம் மலையிலிருந்து வேலைக்காரரிடம் திரும்பி வந்தான் என்கிற 22:19இல் ஈசாக்கின் பெயரும் இல்லை, கவனித்தீர்களா? செய்தி கேட்டுத்தான் சாராள் செத்தாள் என்று யூத மரபில் ஒரு வழக்கு உண்டு.

இதற்கு நம் மலையிலேயே ஒரு துணைக்கதை இருக்கிறது. மாசியில் நடக்கும் காமன் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். போகவேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். மேலிடத்துக் கட்டளை என்று அவன் போய், அம்பு விட்டு, நெற்றிக்கண்ணில் எரிகிறான். கந்தபுராணத்தில் அவன் முதலில் மறுக்கிறான், சபித்துவிடுவேன் என்று பிரமன் மிரட்டியபிறகே கிளம்புகிறான். அதாவது இதுவும் கீழ்ப்படிந்து பலியான கதைதான். ஆனால் கூத்தில் ஜனங்கள் விடியவிடியக் காத்திருப்பது ரதியின் புலம்பலுக்கு. ரதி வேஷம் கட்டினவர் ஒப்பாரி எடுத்ததும், போன வருஷம் வீட்டில் சாவு விழுந்தவர்களும் சேர்ந்து அழுவார்கள். சாராளுக்கு வேதத்தில் கிடைக்காத அந்த இடத்தை ரதிக்குப் பொட்டலில் கொடுத்துவைத்திருக்கிறோம். காமன் கூத்து பார்த்துவிட்டு ஆதியாகமம் 22ஐ வாசிக்கிறவருக்குச் சாராள் இல்லாதது உடனே கண்ணில் படும். சபைக்காரர்கள் கூத்துப் பார்க்கலாமா என்பது வேறு விவகாரம், இங்கே வேண்டாம்.

“பலியைவிடக் கீழ்ப்படிதலே உத்தமம்”னு வசனம் சொல்லி வாய அடைச்சிர்றாங்க. என்ன பதில் சொல்றது?

1 சாமுவேல் 15:22. அதை யார் யாரிடம் சொன்னார் என்று திருப்பிக் கேளுங்கள். சாமுவேல் தீர்க்கதரிசி சவுல் ராஜாவிடம் சொன்னது. கொள்ளையில் நல்ல ஆடுமாடுகளை வைத்துக்கொண்டு, பலியிடத்தான் வைத்தேன் என்று சாக்குச் சொன்ன ராஜாவிடம். அதிகாரத்தில் இருந்தவனைக் கண்டித்த வசனம் கொழுந்து பறிக்கிறவளின் வாயை அடைக்கப் பயன்படுவது வேடிக்கை. அந்த அதிகாரத்திலேயே அமலேக்கியரைக் குழந்தைகளோடு சேர்த்து அழிக்கச் சொல்கிற கட்டளையும் இருக்கிறது. அதற்கு என்னிடம் நல்ல உட்பொருள் எதுவும் இல்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. தோட்டத் தமிழருக்கான ‘தமிழ்க் கூலி மிஷன்’ 1854இல் தொடங்கியபோது தோட்டக்காரத் துரைமாரின் ஆதரவும் அதற்கு இருந்தது. துரையின் தயவில் லயத்துக்கு வந்த பிரசங்கத்தில் எபேசியர் 6:5, வேலைக்காரர் கீழ்ப்படியவேண்டும் என்பது, சத்தமாகக் கேட்டிருக்கும். எஜமான்களே பயமுறுத்தலை விடுங்கள் என்கிற 6:9 எவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். யாத்திராகமம் 1இல் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குக் கீழ்ப்படியாத இரண்டு மருத்துவச்சிகள், சிப்பிராளும் பூவாளும், வேதத்தில் பெயரோடு இருக்கிறார்கள். பார்வோனுக்கு வெறும் பட்டம்தான்.

அம்மா குவைத்துக்குப் போனத சபையில “ஆபிரகாம் மாதிரி தியாகம்”னு சாட்சி சொன்னாங்க. எனக்கு அழுகையும் கோவமும் வந்துச்சு. அது தப்பா டீச்சர்?

தப்பில்லை. முதலில் இந்தக் கதையில் யார் யார் என்று பாருங்கள். அம்மா ஆபிரகாமா, ஈசாக்கா? விறகைச் சுமந்தது யார்? பள்ளியை விட்டுத் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்ட நீங்கள் யார்? அம்மாவைப் போகச் சொன்னது தேவன் அல்ல. கடனும், வீட்டுச் செலவுக்கு எட்டாத நாட்சம்பளமும் சொன்னது. அதைக் கட்டளை என்று ஆக்கிவிட்டால் கடன் கொடுத்தவனும் சம்பளம் கொடுக்காதவனும் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். முன்னே சொன்ன இரண்டாவது சோதனையில் இந்த உட்பொருள் நிற்காது.

ஒன்று மட்டும். ரோமர் 12:1 உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்கிறது. கொடுக்கிறவர் தன்னையே கொடுக்கிறார். உனக்காகத்தான் போனேன் என்று அம்மாவே சொன்னால் அந்தச் சொல் அவருக்கு உரியது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரும் அவருக்காக அதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்காகவும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில இதச் சொல்லலாமா?

ஆபிரகாம் கத்தி ஓங்கி நிற்கிற படத்துக்கு வர்ணம் தீட்டக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். சிறிய வகுப்புக்கு 21ஆம் அதிகாரத்தைச் சொல்கிறேன்: தண்ணீர் தீர்ந்து ஆகார் அழுகிறாள், தேவன் பையனின் சத்தத்தைக் கேட்கிறார், அவள் கண் திறந்து ஒரு துரவைக் காண்கிறாள். 22ஐப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எடுக்கலாம். எடுத்தால் முழுதாக எடுங்கள், கேள்வி கேட்க நேரம் விடுங்கள். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தொடங்கவேண்டாம்.